இடைவேளைக் கச்சேரி யாருக்காக?

பெரிய விளையாட்டுப் போட்டிகளின் இடைவேளையில் நடத்தப்படும் ஆட்டமும் பாட்டும் அங்கே கூடியிருக்கும் ரசிகர்களுக்குப் பொருத்தமானவைதானா, இல்லை விளையாட்டோடு ஒட்டாத வெறும் விளம்பரமா என்பது கேள்வி. அமெரிக்கன் ஃபுட்பாலின் ஆண்டு இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலும் இது கேட்கப்படுகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்காக அந்த நிகழ்ச்சி தயாரிக்கப்படுவதே இல்லை. வீட்டில் தொலைக்காட்சி முன் இருப்பவர்களுக்காகத் தயாரிக்கப்படுகிறது. சூப்பர் பவுலில் இதனால் பெரிய கெடுதல் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. அதே ஏற்பாட்டை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் வைக்கும்போதுதான் ஆட்டத்துக்கும் ரசிகர்களுக்கும் நஷ்டம் வருகிறது.

தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் மைதானத்தில் நடந்த முதல் சூப்பர் பவுலுக்கு 61,946 பேர் வந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் காலி. இடைவேளையில் அரிசோனா பல்கலைக்கழகம், லூசியானா மாநிலத்தின் கிராம்ப்ளிங் கல்லூரி ஆகிய இரண்டின் பேண்டு வாத்தியக் குழுக்களும் மைதானத்துக்குள் வந்தன. ஆல் ஹர்ட் டிரம்பெட் வாசித்தார். முதுகில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு இருவர் பறந்து காட்டினார்கள். இன்றைய பிரம்மாண்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்கன் ஃபுட்பால் கல்லூரிகளில் வளர்ந்த விளையாட்டு. அங்கே பேண்டு குழு மாணவர் கூட்டத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். தன் அணி புள்ளி எடுத்ததும் வாசிக்கும். இடைவேளையில் இறங்கி வந்து அணிவகுக்கும். கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்துபோய் மிச்சப் பேருக்கு வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அங்கே பொருத்தம் பற்றிய கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

திருப்பம் 1992-இல் வந்தது. மினியாபொலிஸில் நடந்த அந்த ஆண்டின் சூப்பர் பவுல் இடைவேளையில் குளிர்காலக் கொண்டாட்டம் என்ற பெயரில் பனிச்சறுக்கு நடனக் கலைஞர்களையும் பாடகி குளோரியா எஸ்டெஃபானையும் மேடையேற்றினார்கள். ஆட்டத்தை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சிதான் அடுத்த மாதம் குளிர்கால ஒலிம்பிக்கையும் ஒளிபரப்பவிருந்தது. அந்த ஒலிம்பிக்குக்கான முன்னோட்டமாகவும் இந்த நிகழ்ச்சி பயன்பட்டது. போட்டித் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் அதே நேரத்தில் தன் நகைச்சுவைத் தொடரின் சிறப்பு நிகழ்ச்சியை நேரலையாக விட்டது. ஆட்டம் மறுபடி தொடங்க இன்னும் எத்தனை நிமிடம் என்று திரையின் ஓரத்தில் கடிகாரம் வேறு ஓடியது. இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் சேனலை மாற்றிவிட்டார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்களா, கொட்டாவி விட்டார்களா என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. சூப்பர் பவுலை நடத்தும் என்எஃப்எல் லீக்கின் நிர்வாகிகளைக் கலங்கடித்தது அந்த இரண்டு கோடிப் பேர்தான்.

அடுத்த ஆண்டே மைக்கேல் ஜாக்சனை அழைத்து வந்தார்கள். 1993 ஜனவரி 31, பாசடேனாவின் ரோஸ் பவுல் மைதானம். மேடைக்கு வந்தவர் கையை அசைக்காமல், தலையைத் திருப்பாமல், ஒரு நிமிடத்துக்கும் மேலாக அப்படியே நின்றார். தொலைக்காட்சியில் விளம்பர நேரத்தை நொடிக் கணக்கில் விற்கும் ஒரு நாளில், ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆட்டம் 52–17 என்று ஒருதலைப்பட்சமாக முடிந்தது. ஆட்டத்தைவிட இடைவேளையைப் பார்த்தவர்கள் அதிகம். அன்றிலிருந்து சூப்பர் பவுல் இடைவேளை என்பது ஆட்டத்தின் நடுவில் வரும் ஓய்வு என்ற நிலையிலிருந்து விலகி, தனியாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாகிவிட்டது. வழக்கமான ஆட்டங்களில் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்களே இருக்கும் இடைவேளை அங்கே அரை மணி நேரத்தைத் தொடுகிறது.

மைதானத்தில் இருப்பவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் நின்றவுடன் நூற்றுக்கணக்கானவர்கள் சக்கரம் வைத்த மேடைத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து ஏழெட்டு நிமிடங்களில் அவற்றைப் பொருத்த வேண்டும். புல்தரை கெடக்கூடாது என்பதால் எதைத் தள்ளலாம், எங்கே நிறுத்தலாம் என்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு. 2023-இல் பாடகி ரிஹானாவின் மேடைகளை மேலிருந்து கம்பிகளில் தொங்கவிட்டதற்கு அந்தப் புல்லும் ஒரு காரணம். இத்தனை அவசரத்தில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒயர் இழுத்துச் சரிபார்க்க நேரம் ஏது? அதனால் வாத்திய இசையைப் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். 2014-இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழு வாசித்தபோது கிதார்களில் ஒயர் செருகப்படவே இல்லை என்பதைப் படங்களைப் பார்த்தே ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவின் ஃப்ளீ அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, குரல் மட்டும் நேரடியானது, மற்றதெல்லாம் பதிவு என்று எழுதினார். மேடையைச் சுற்றிக் குதித்துக் கும்மாளமிடும் கூட்டம் இருக்கிறதே, அதுவும் முன்பே தேர்ந்தெடுத்து, ஒத்திகை பார்த்து, உள்ளே ஓடிவர வைக்கப்பட்ட கூட்டம். டிக்கெட் வாங்கிய ரசிகர் மேல் அடுக்கில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் ராட்சதத் திரையில் வீட்டில் இருப்பவர் பார்க்கும் அதே காட்சியைப் பார்க்கிறார்.

அப்படியிருந்தும் சூப்பர் பவுலில் கலகம் வெடிக்காததற்குக் காரணம் அங்கே வரும் கூட்டத்தின் தன்மை. அந்த ஆட்டம் பெரும்பாலும் இரண்டு அணிகளுக்கும் பொதுவான ஊரில் நடக்கிறது. டிக்கெட்டுகளில் ஆடும் இரு அணிகளுக்கும் சேர்த்தே சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போகும்; மிச்சம் மற்ற அணிகளுக்கும், லீக்குக்கும், அதன் வழியாக நிறுவனங்களுக்கும். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வருபவர் ஆட்டத்தைப் போலவே அந்த நாளின் ஆடம்பரத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். விளையாட்டின் அமைப்பும் இதற்கு இடம் தருகிறது. சில நொடி மோதல், பிறகு நிறுத்தம், ஆலோசனை, விளம்பரம், மறுபடி சில நொடி மோதல் என்று போகும் ஆட்டம் அது. வீரர்கள் காத்திருந்து பழகியவர்கள். நீண்ட இடைவேளைக்காகவே பயிற்சியாளர்கள் தனியாக ஒத்திகை வைக்கிறார்கள்.

கால்பந்துக்கு வாருங்கள், எல்லாம் தலைகீழாகிவிடும்.

2017 மே 27, பெர்லின் ஒலிம்பிக் மைதானம். ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டத்தில் போருசியா டார்ட்மண்டும் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டும் மோதுகின்றன. இடைவேளையில் ஹெலேனே ஃபிஷர் பாட வருகிறார். ஜெர்மனியில் அவரைவிடப் புகழ்பெற்ற பாடகர் அப்போது இருந்தாரா என்பதே சந்தேகம்; அவர் கச்சேரிகளுக்கு மைதானம் மைதானமாக ஆட்கள் நிரம்புவார்கள். அன்று அவர் வாயைத் திறந்ததிலிருந்து முடிக்கும்வரை இரு பக்கத்து ரசிகர்களும் விசிலடித்தும் கூச்சலிட்டும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் வசைபாடிக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் ஒன்று சேர்ந்தார்கள். அவர் குரலின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. எங்கள் ஆட்டத்தை எங்களைக் கேட்காமல் எவருக்கோ விற்கிறீர்கள் என்ற கோபம் அது. அதே மாதம் மியூனிக்கில் பேயர்ன் அணியின் ஆட்டத்தில் அனஸ்தாசியா பாடியதால் இரண்டாம் பாதி தாமதமானபோதும் இதே எதிர்ப்புதான். ஃபிஷருக்கு நேர்ந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நல்ல கலைஞர் ஒருவரைத் தவறான நேரத்தில் தவறான இடத்தில் நிறுத்தி அவமானப்பட விட்டவர்கள் அமைப்பாளர்கள்.

கால்பந்து ரசிகர் பாட்டைக் கேட்க வருபவர் அல்லர், பாட வருபவர் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2022-இல் பாரிஸில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு முன்பு கமீலா கபேயோ பாடினார். அவர் குரலை அமுக்கிக்கொண்டு ரசிகர்கள் தங்கள் அணியின் பாட்டைப் பாடினார்கள். அது மரியாதைக் குறைவு என்று அவர் பிறகு சமூக வலைத்தளத்தில் எழுதி, பின்னர் நீக்கிவிட்டார். அவர் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ரசிகர்கள் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து அந்த நேரத்தில் அதைத்தான் செய்து வருகிறார்கள்.

நேரப் பிரச்சினை இதைவிடப் பெரிது. கால்பந்து விதிகளின் ஏழாம் விதி, 15 நிமிடங்களுக்கு மிகாத இடைவேளை என்று தெளிவாகச் சொல்கிறது. அதை 25 நிமிடமாக நீட்டலாம் என்று தென் அமெரிக்கக் கூட்டமைப்பு 2021-இல் யோசனை வைத்தபோது, விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் அதை ஏற்கவில்லை. நீண்ட நேரம் அசையாமல் இருந்துவிட்டு ஓடுவது வீரர்களின் உடலுக்குக் கேடு என்ற கவலைதான் காரணம். உட்கார்ந்திருக்க இருக்கத் தசைச் சூடு இறங்குகிறது. சூடு இறங்கிய தசையோடு முழு வேகத்தில் பாய்ந்தால் ஓட்டமும் குறையும், பிடிப்பும் கிழிசலும் வரும். ஆனாலும் தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையான கோப்பா அமெரிக்காவின் 2024 இறுதி ஆட்டத்தில், மயாமியில், பாடகி ஷகிராவின் நிகழ்ச்சிக்காக 25 நிமிட இடைவேளை விட்டார்கள். ஆடிய இரு அணிகள் அர்ஜென்டினாவும் கொலம்பியாவும். ஷகிரா கொலம்பியாவின் செல்ல மகள். ஆனால் முந்தைய நாளே வெளிப்படையாகக் குறை சொன்னவர் கொலம்பிய அணியின் பயிற்சியாளர் நெஸ்டர் லொரென்சோ. மற்ற ஆட்டங்களில் ஒரு நிமிடம் தாமதமாக வெளியே வந்தாலே அபராதம் போடுகிறீர்கள், இப்போது பாட்டுக்காக நேரத்தை நீட்டுகிறீர்களே என்பது அவர் வாதம். அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

நீண்ட நிறுத்தம் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடக்கூடும். 2013 சூப்பர் பவுல் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் அரங்கில் மின்சாரம் போய் 34 நிமிடங்கள் ஆட்டம் நின்றது. அன்று இடைவேளையில் நடந்த பாடகி பியான்சேயின் நிகழ்ச்சிக்கும் அந்த மின்தடைக்கும் சம்பந்தமில்லை; ஒரு மின்கருவிக் கோளாறு. அதுவரை பால்டிமோர் 28–6 என்று முன்னிலையில் இருந்தது. விளக்கு வந்த பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ தொடர்ந்து 17 புள்ளிகள் எடுத்தது; கடைசியில் 34–31 என்று பால்டிமோர் தப்பிப் பிழைத்தது. நிறுத்தங்களுக்குப் பழகிய விளையாட்டிலேயே இப்படியென்றால், ஓட்டமே உயிரான கால்பந்தில் என்ன ஆகும்? 2025 ஜூலையில் நியூ ஜெர்சியில் நடந்த கிளப் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஃபிஃபா இதைச் செய்து பார்த்தது. புல்தரையைக் காப்பாற்ற மேடையைப் பார்வையாளர் பகுதியில் போட்டார்கள். அப்படியும் இடைவேளை 15 நிமிடத்துக்குள் அடங்கவில்லை. அதற்கு முன்பே, 2025 மார்ச்சிலேயே, 2026 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கும் இடைவேளை நிகழ்ச்சி உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். விதியைக் காக்க வேண்டியவர்கள் செய்கிற காரியமா இது?

இனி, என்ன பாடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்ற புகார். பொருத்தம் என்று பேசும்போது பலர் நினைப்பது இதைத்தான். 2004 சூப்பர் பவுல் இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் உடை கிழிந்த அரை நொடிக்காகச் சிபிஎஸ் மீது 5,50,000 டாலர் அபராதம் போடப்பட்டு, பின்னர் நீதிமன்றத்தில் அது ரத்தானது. அதன்பின் சில ஆண்டுகள் பால் மெக்கார்ட்னி, ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ என்று வயது முதிர்ந்த ராக் கலைஞர்களாகப் பார்த்து அழைத்தார்கள். பயத்தில் செய்த தேர்வு அது. 2012-இல் மடோனாவோடு பாடிய எம்.ஐ.ஏ., நம் யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஒளிபரப்பிய என்பிசி படத்தை மங்கலாக்க முயன்றது; அதற்குள் நேரம் கடந்துவிட்டது. லீக் அவரிடம் 1 கோடியே 66 லட்சம் டாலர் கேட்டு வழக்காடியது, 2014-இல் சமரசமானது. ஒரு கணம் நீட்டிய விரலுக்கு அவ்வளவு பெரிய தொகை கேட்டது எனக்கு மிரட்டலாகவே படுகிறது. இந்த இரண்டு விவகாரங்களும் தொலைக்காட்சியின் அண்மைக் காட்சியில் பிறந்தவை என்பதைக் கவனியுங்கள். அரங்கின் உச்சியில் இருந்தவரைப் புண்படுத்தியதாக எவரும் வழக்குப் போடவில்லை.

மொழிப் புகார் இன்னொரு வகை. 2026 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இடைவேளையில் போர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னி பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலேயே பாடினார். இது அமெரிக்க ரசிகர்களுக்குப் பொருந்தாது என்று ஒரு தரப்பு கொதித்தது. ஒரு வலதுசாரி அமைப்பு அதே நேரத்தில் போட்டி நிகழ்ச்சியே நடத்தியது. அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிறார்கள். போர்ட்டோ ரிக்கோ மக்கள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களை ரசிகர் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத்தான் பொருந்தவில்லை என்று சொல்ல முடியும். இந்த வகைப் புகாரில் எனக்கு இரக்கம் குறைவு.

பொருந்துகிற இடைவேளை எப்படி இருக்கும்? முதல் சூப்பர் பவுலில் வாசித்த அதே கிராம்ப்ளிங்குக்குத் திரும்பிப் போக வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, கிராம்ப்ளிங்கும் சதர்ன் பல்கலைக்கழகமும் நியூ ஆர்லியன்ஸில் மோதுகின்றன. இரண்டும் கறுப்பின மக்களுக்காக எழுந்த கல்வி நிறுவனங்கள். அங்கே இடைவேளையில் தீனி வாங்க ஆட்கள் எழுந்து போவதில்லை. பேண்டுகள் இறங்கும் அந்த நேரத்துக்காகத்தான் பலர் வந்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்கள் முழங்காலை மார்பளவு தூக்கி நடந்து, ஓர் எழுத்தாகக் கூடி, சட்டென்று கலைந்து வேறொரு வடிவமாக மாறுவார்கள். சென்ற வாரம் வானொலியில் ஒலித்த பாட்டு பித்தளை வாத்தியங்களில் இடிபோல எழும். கூட்டத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் ஒவ்வொரு அடவையும் அறிந்தவர்கள். கால் தவறினால் உடனே கண்டுபிடிப்பார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் போகமாட்டார்கள். ஐந்தாம் கால்பகுதி என்று அவர்கள் அழைக்கும் நேரத்தில் இரண்டு பேண்டுகளும் எதிரெதிரே இருந்து ஒன்றுக்கொன்று பதில் வாசிக்கும். 2007-இல் மயாமியில் கொட்டுகிற மழையில் பாடகர் பிரின்ஸ் கிதார் வாசித்த சூப்பர் பவுல் நிகழ்ச்சியைத்தான் பலர் எல்லாவற்றிலும் சிறந்தது என்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். அன்று அவரோடு மைதானத்தில் இருந்தது ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பேண்டு குழு. அந்தப் பித்தளை முழக்கம் இல்லாமல் அந்த நிகழ்ச்சியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

கூடைப்பந்தில் இதைவிடச் சிக்கனமான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ரெட் பாண்டா என்ற மேடைப் பெயரில் ஒரு சீனப் பெண் கலைஞர் பல ஆண்டுகளாக அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆட்டங்களின் இடைவேளைகளில் வருகிறார். ஆளுயரத்தைத் தாண்டிய ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி, காலில் கிண்ணங்களை அடுக்கி, உதைத்துத் தலையில் ஏந்துவார். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கைந்து சேர்ந்தாற்போல. கிண்ணம் காற்றில் இருக்கும் அந்த நொடியில் இருபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். விழுமா, விழாதா என்ற அந்தத் தவிப்பு விளையாட்டு ரசிகருக்குச் சொந்தமான தவிப்பு. மேடை வேண்டாம், கூடுதல் நேரம் வேண்டாம். 2025 ஜூலையில் மினியாபொலிஸில் அவர் கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, கூடைப்பந்து உலகமே தன் வீரர் ஒருவருக்கு அடிபட்டதைப் போலப் பதறியது.

கிரிக்கெட்டுக்கு வருவோம், அங்கேதான் நமக்கு நேரடி அனுபவம். 2023 உலகக் கோப்பையின்போது டெல்லியில் ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் ஆடின. தண்ணீர் இடைவேளையில் மைதான விளக்குகளை அணைத்து, ஒளியும் ஒலியுமாக இரண்டு நிமிடக் காட்சி காட்டினார்கள். அன்று 40 பந்துகளில் சதமடித்து உலகக் கோப்பைச் சாதனை படைத்த கிளென் மேக்ஸ்வெல், அந்தக் காட்சியால் தனக்குக் கடும் தலைவலி வருகிறது, கண் மறுபடி பழக நேரமாகிறது, ஆடுபவர்களுக்கு இது மோசமான யோசனை என்றார். அதே அணியின் டேவிட் வார்னரோ, எனக்குப் பிடித்திருந்தது, எல்லாம் ரசிகர்களுக்காகத்தானே என்றார். வார்னரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் நான் மேக்ஸ்வெல் பக்கம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை எதிர்கொள்ளப் போகிறவரின் கண்ணோடு விளையாடக் கூடாது. ரசிகரும் அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் பணம் கொடுத்திருக்கிறார்.

டி20 ஆட்டங்களில் இடைவெளி கிடைக்கும் போதெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவை உச்சத்தில் அலறவிட்டு, பல வருடம் கழித்துச் சந்திக்கும் உறவினர்களைப் பேச விடாமல் செய்வதைப் போன்றது அது. பக்கத்தில் இருப்பவரிடம் அந்தப் பந்து ஏன் திரும்பவில்லை என்று கேட்க முடியாது. சென்னைக் கூட்டத்துக்கு விசிலடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதும் இல்லை. 2024 மார்ச் 22 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல் தொடக்க விழாவில் ஏ.ஆர். ரஹ்மான் பாடினார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு நடந்த நிகழ்ச்சி அது. விருப்பமுள்ளவர்கள் முன்னதாக வந்து கேட்டார்கள். மற்றவர்கள் ஆட்டத்துக்கு வந்தார்கள். எந்தப் பந்து வீச்சாளரும் தோள் இறுகிப்போய்க் காத்திருக்கவில்லை.

ஃபிஃபாவிடமும் நான் கேட்பது அதுதான். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வருபவர்கள் பாதுகாப்புச் சோதனைக்குப் பயந்து மூன்று மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்த நேரத்தில் உலகத்தின் எந்தப் பாடகரை வேண்டுமானாலும் ஒரு மணி நேரம் முழுதாகப் பாட வையுங்கள். ஒயர் செருகி, வாத்தியங்களைச் சோதித்து, இடைவேளை அவசரமில்லாமல் பாடட்டும். நடுவில் இருக்கும் அந்த 15 நிமிடத்தை வீரர்களுக்கும், தொண்டை காய்ந்துபோன ரசிகர்களுக்கும் விட்டுவிடுங்கள்.